புல்லுக்கு அடியில் 1940

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் வட்டாரத்தில், டெபன் ஆற்றைப் பார்த்தபடி ஒரு மேட்டு நிலம் இருக்கிறது. சட்டன் ஹூ என்று பெயர். மணல் மண், புல்லும் புதரும்தான் அதிகம். மேலிருந்து பார்த்தால் இரண்டு விதமான குறிகள் தெரியும். ஒன்று, வட்டங்கள். பதினெட்டுப் புதைமேடுகள் வரை இங்கே எண்ணியிருக்கிறார்கள். இன்னொன்று, அந்த வட்டங்களைப் பற்றிக் கவலையே படாமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் நேர்கோடுகள்.

வட்டங்களின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். சில ஆண்டுகளுக்கு முன் நெட்ஃபிளிக்ஸில் ‘தி டிக்’ என்று படமாகவே வந்தது. 1939 கோடையில் பாசில் பிரவுன் என்ற உள்ளூர் அகழ்வாளர் ஒரு மேட்டைத் தோண்டும்போது இரும்பு ஆணிகள் வரிசையாக வந்தன. மரம் மக்கிப்போயிருந்தது, ஆனால் 27 மீட்டர் நீளக் கப்பலொன்றின் அச்சு மணலில் அப்படியே பதிந்திருந்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதைத்த கப்பல். உள்ளே தங்கம், தலைக்கவசம், வெள்ளிப் பாத்திரங்கள். நிலத்தின் சொந்தக்காரர் ஈடித் ப்ரெட்டி எல்லாவற்றையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். செப்டம்பர் 3 அன்று போர் அறிவிப்பு வந்தது. புதையல் லண்டன் பாதாள ரயில் சுரங்கத்துக்குப் போனது, அதாவது மறுபடி மண்ணுக்கு அடியில்.

படம் அத்தோடு முடிந்துவிடுகிறது. நேர்கோடுகளின் கதை அதற்குப் பிறகு.

1940 மே 10 அதிகாலையில், பெல்ஜியத்தின் எபன் எமெல் கோட்டையின் கூரைமேல் இன்ஜின் இல்லாத கிளைடர் விமானங்கள் சத்தமில்லாமல் வந்து இறங்கின. அதில் வந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. யாராலும் பிடிக்க முடியாது என்று நம்பப்பட்ட கோட்டை மறுநாளே விழுந்தது. இந்தச் செய்தி இங்கிலாந்தைப் பிடித்து உலுக்கியது. தட்டையான வெற்று நிலம் எல்லாமே இனி எதிரியின் ஓடுபாதைதான் என்றானது. மேய்ச்சல் நிலம், கோல்ஃப் மைதானம், பூங்கா என்று எங்கே சமதளம் கிடைத்ததோ அங்கெல்லாம் பள்ளம் வெட்டினார்கள், கம்பம் நட்டார்கள், பழைய வண்டிகளை இழுத்து நிறுத்தினார்கள். சட்டன் ஹூ மேட்டிலும் கிளைடர் தடுப்புப் பள்ளங்கள் விழுந்தன. போதாததற்கு ராணுவ வண்டிகள் அந்த மேடுகளின் மேலேயே ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்தன. நாட்டின் ஆகப் பெரிய தொல்லியல் கண்டுபிடிப்பு நடந்த இடத்தில், ஓரிரு ஆண்டுகளுக்குள்.

இந்தப் படங்களில் சிலவற்றை நான் கணினித் திரையில் வைத்துக் குழம்பிக்கொண்டிருந்தபோது மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அரசுத் துறை ஒன்றில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வான்படங்களைப் பூட்டிய பீரோவிலிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கி, மாலையில் எண்ணித் திருப்பிக் கொடுத்த தலைமுறை. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

“பள்ளம்ங்கற, மேடாட்டம்ல தெரியுது?”

“எனக்கும் அதான் மாமா.”

“படத்தத் திருப்பு மாப்ளே. நிழல் உன்னப் பாத்து விழணும்.”

திருப்பினேன். கோடுகள் சட்டென்று உள்ளே இறங்கின. மேடுகள் மேடாயின. அவ்வளவுதான் விஷயம். நம் மூளை எப்போதும் வெளிச்சம் மேலேயிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்கிறது. வட துருவப் பக்கம் இருக்கும் நாடுகளில் வெயில் தெற்கிலிருந்து வரும். வடக்கை மேலே வைத்துப் பார்த்தால் வெளிச்சம் கீழிருந்து அடிக்கும். உடனே அகழி வரப்பாகிவிடும், வரப்பு அகழியாகிவிடும். இது தெரியாமல் எத்தனை பேர் எத்தனை கோட்டை கொத்தளங்களைக் ‘கண்டுபிடித்திருப்பார்கள்’ என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நிழல் இருப்பது ஒரு வசதி. வெட்டிய பள்ளத்தைத் தூர்த்து, உழுது, சமன்படுத்திய பிறகு நிழலும் இருக்காது. அப்புறம் எப்படித் தெரியும்? பயிர் சொல்லும். பழைய எருக்குழி இருந்த இடத்தில் மட்டும் சோளம் ஓர் அடி உயர்ந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தூர்த்த பள்ளத்தில் மண் ஆழமாகவும் தளர்வாகவும் இருக்கும், ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மழை பொய்த்த கோடையில் சுற்றியுள்ள பார்லி பழுத்து மஞ்சளாகும்போது பள்ளத்தின் மேல் நிற்கும் பார்லி மட்டும் பச்சையாகவே இருக்கும். அடியில் கல் சுவர் புதைந்திருந்தால் நேர்மாறாக, அங்கே மட்டும் முதலில் காய்ந்துபோகும். தரையில் நின்று பார்ப்பவருக்கு இது வெறும் திட்டுத் திட்டான வயல். ஆயிரம் அடி மேலே போனால் ஒரு வரைபடம். 1976, 2018 போன்ற வறண்ட கோடைகள் பிரிட்டிஷ் தொல்லியலாளர்களுக்கு அறுவடைக் காலமானது இதனால்தான்.

இப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததே போர்தான். முதல் உலகப் போரில் எதிரியின் பதுங்குகுழிகளை மேலிருந்து படமெடுத்து அதிலிருந்து வரைபடம் போட்டார்கள். 1915 மார்ச்சில் நடந்த நெவ் ஷாப்பெல் சண்டையே அப்படிப் போட்ட வரைபடத்தை வைத்துத் திட்டமிட்டதுதான். கார்வாலிகளும் கூர்க்காக்களும் உள்ளிட்ட இந்தியப் படை அந்தச் சண்டையில் பெரும் எண்ணிக்கையில் மாண்டது. அந்தப் போரில் வரைபட வேலை பார்த்து, பிறகு விமானத்தில் நோட்டம் பார்ப்பவராகப் பறந்து, 1918-இல் சிறைபிடிக்கப்பட்டவர் ஓ. ஜி. எஸ். க்ராஃபர்ட். 1920-இல் பிரிட்டிஷ் நில அளவைத் துறையின் முதல் தொல்லியல் அதிகாரி ஆனார். விமானப் படை பயிற்சிக்காக எடுத்துப்போட்டிருந்த படங்களைப் புரட்டியவருக்கு, அவற்றில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய வயல் வரப்புகள் தெரிந்தன. ஸ்டோன்ஹெஞ்சுக்குப் போகும் பாதையின் தொலைந்துபோன பகுதியை 1923-இல் அப்படித்தான் பிடித்தார். 1925-இல் இன்ஸால் என்ற விமானி, பக்கத்திலேயே ஒரு வயலில் புள்ளி வட்டங்களைப் பார்த்தார். அதுதான் உட்ஹெஞ்ச்.

அடுத்த போர் வந்ததும் கடன் திரும்பப் போனது. தேம்ஸ் நதிக்கரையில் மெட்மெனம் என்ற ஊரில் ஒரு மாளிகையை எடுத்து, அங்கே வான்படங்களைப் படிக்கும் பெரிய நிலையத்தை விமானப் படை நடத்தியது. தொல்லியலாளர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். டோரத்தி காரட் அங்கே இருந்தார், க்ளின் டேனியல் இருந்தார். மண்ணில் தெரியும் ஒரு கறையைப் பார்த்து இது வெட்டியதா, தானாக வந்ததா என்று சொல்ல அவர்களைவிட்டால் யார்? சட்டன் ஹூ கப்பலைத் தோண்டிய குழுவில் இருந்த ஸ்டூவர்ட் பிகட் போரில் வான்பட வாசிப்பாளராக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இங்கே இருந்த காலத்தில் படித்ததையும் பார்த்ததையும் வைத்துத்தான் ‘வரலாற்றுக்கு முந்தைய இந்தியா’ பற்றிய அவருடைய 1950-ஆம் ஆண்டு நூல் வந்தது.

மெட்மெனத்தில் நடந்த ஒரு சம்பவம் எனக்கு இந்தக் கட்டுரைக்கே மையமாகத் தோன்றுகிறது. 1942 மே 15 அன்று ஒரு பிரிட்டிஷ் விமானி பால்டிக் கரையில் பீனமுண்டே என்ற இடத்தின் மேல் பறந்து சில படங்கள் எடுத்தார். அவற்றைப் பார்த்தவர்களில் ஒருவர் கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித். விமானங்களை அடையாளம் காண்பது அவருடைய பிரிவு. காட்டுக்குள் பெரிய வட்ட வடிவ மண் அணைகள் இருப்பதைக் கவனித்தார். விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அது அவர் தேடிய விஷயமில்லை. யாரும் தேடச் சொல்லவுமில்லை. படம் கோப்புக்குள் போய்விட்டது. அந்த அணைகள் வி-2 ராக்கெட்டைச் சோதிக்கக் கட்டியவை. 1942 அக்டோபரில் அங்கிருந்து ராக்கெட் வெற்றிகரமாகக் கிளம்பியது. பிரிட்டன் அங்கே குண்டு போட்டது 1943 ஆகஸ்ட்டில். இதே பாபிங்டன் ஸ்மித்தான், சிறிய விமானம் போன்ற ஏதாவது தென்படுகிறதா பாருங்கள் என்று குறிப்பாகக் கேட்டுக்கொண்ட பிறகு, 1943 நவம்பர் 28 அன்று எடுத்த படத்தில் வி-1 பறக்கும் குண்டைக் கண்டுபிடித்தார். படத்தில் அது மிகச் சிறிய ஒரு சிலுவை. அத்தனை பெரிய அணையைக் கடந்துபோன அதே கண்.

கண்ணில் குறையில்லை. கேள்வி இல்லை, அதுதான் குறை.

*

அளவைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். போர் முடிந்ததும் விமானப் படை நாடு முழுவதையும் படமெடுத்தது. 1946 தொடங்கி சில ஆண்டுகள் நடந்த இந்த வேலையில் பெரும்பாலான படங்கள் சுமார் 1:10,000 என்ற அளவில் இருந்தன. டாங்கியைத் தடுக்க வெட்டிய அகழிக்கு அப்போதைய பொதுவான அளவு சுமார் 18 அடி அகலம், 11 அடி ஆழம். படத்தில் அது அரை மில்லிமீட்டர் கோடு. ஆள் நிற்கும் பதுங்குகுழி இரண்டடி அகலம் என்று வைத்தால் தலைமயிர் கனம்தான் வரும். அதனால்தான் ஒன்றோடொன்று பாதிக்குமேல் பொருந்தும்படி அடுத்தடுத்துப் படமெடுப்பார்கள். அப்படிப்பட்ட இரண்டை ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் சேர்த்து வைத்தால் தரை எழும்பி நிற்கும். உயரம் நிஜத்தைவிடக் கூடுதலாகவே தெரியும். “மொத தடவ பாக்கறப்ப தலை சுத்தும்” என்றார் மாமா. “அப்புறம் வெறுங்கண்ணுல பாக்கறதே சப்புன்னு ஆயிடும்.”

வடிவங்களுக்கென்று ஓர் அகராதி இருக்கிறது. முதல் போர்க்காலத்துப் பதுங்குகுழி நேராகப் போகாது. கோட்டை மதிலின் பல் வரிசை போல மடங்கி மடங்கிப் போகும். குண்டு ஒரு மடிப்பில் விழுந்தால் அடுத்த மடிப்பில் இருப்பவன் பிழைப்பான். எதிரி ஒரு முனையைப் பிடித்தாலும் வரிசை முழுக்கச் சுட்டுத் தள்ள முடியாது. இந்த வடிவத்தை விவசாயி வெட்ட மாட்டான், நதியும் வெட்டாது. ஹாம்ஷயரில் கோஸ்போர்ட் அருகே பிரவுன்டவுன் என்ற இடத்தில் இப்படி எதிரும் புதிருமாக இரண்டு வரிசை, நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத வெளி என்று ஒரு முழுப் போர்க்களமே புதருக்குள் கிடந்ததை 2014-இல் அறிவித்தார்கள். பழைய வான்படம் ஒன்றுதான் துப்புக் கொடுத்தது. அங்கே எந்தச் சண்டையும் நடக்கவில்லை. பிரான்சுக்குப் போகும் பையன்களுக்கான ஒத்திகை மைதானம் அது.

1940-இன் வேலை வேறு மாதிரி. டாங்கி அகழிகள் நீண்ட நேர்த்துண்டுகளாக வயல் எல்லைகளைப் பொருட்படுத்தாமல் ஓடும். கிளைடர் பள்ளங்கள் கட்டம் கட்டமாக இருக்கும். முள்கம்பிகூடத் தெரியும், அது எனக்கு வியப்பாக இருந்தது. கம்பி தெரியாது. கம்பிக்கு அடியில் ஆடும் மாடும் மேய முடியாது, ஆளும் நடக்க முடியாது, புல் வளர்ந்துகிடக்கும். அந்தப் புல்லின் நிறம் கோடாகத் தெரியும். நகரங்களைக் காப்பாற்ற வெட்டவெளியில் பொய்யாகத் தீ மூட்டிய இடங்கள் உண்டு. தீ பரவாமல் இருக்கச் சுற்றி வெட்டிய பள்ளங்கள் இன்றைக்கும் புல்லில் பதிந்து கிடக்கின்றன. எரியாத ஊரின் தடம்.

சிக்கல் வட்டங்களில்தான். விமானங்களைத் தேட சர்ச் லைட் வைத்த இடங்களில் விளக்கையும் ஆட்களையும் காக்க வட்டமாகப் பள்ளம் வெட்டி மண்ணைக் கரையாகப் போடுவார்கள். சுமார் பத்து மீட்டர் குறுக்களவு. போர் முடிந்தது, விளக்கு போனது, விவசாயி கரையைத் தள்ளி மூடி உழுதுவிட்டார். முப்பது ஆண்டு கழித்து ஒரு வறண்ட கோடையில் மேலே பறப்பவர் பார்லியில் பச்சை வட்டம் பார்க்கிறார். நாலாயிரம் ஆண்டுக்கு முன் வெண்கலக் காலத்தில் ஈமமேட்டைச் சுற்றி வெட்டிய பள்ளமும் மேலிருந்து அச்சாக இதே போலத்தான் இருக்கும். பறப்பவர் தொல்லியலாளர்; அவர் தேடுவது வெண்கலக் காலம். பதிவேட்டில் ‘வட்ட அகழி, வெண்கலக் காலமாக இருக்கலாம்’ என்று ஏறிவிடும். இப்படி ஏறிய வட்டங்களில் சில சர்ச் லைட் குழிகள் என்று பின்னால் திருத்தியிருக்கிறார்கள்.

1946 படத்தை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தெரிந்தால் நல்லது. வட்டத்தின் பக்கத்தில் குடிசைகள், வண்டித் தடம் இருந்தால் வழக்கு முடிந்தது. இல்லையென்றால்? 1930-களின் படத்தில் வட்டம் இல்லை என்பது எதையும் நிரூபிக்காது. அந்த வருஷம் நல்ல மழையாக இருந்திருக்கலாம், பயிர் பேசியிருக்காது. 1946-இல் இல்லை என்பதும் அப்படியே. வெட்டி, இரண்டே ஆண்டில் வேறிடத்துக்கு மாற்றி, மூடியிருப்பார்கள். நேரில் போய்த் தோண்டினால் தெரியும்தான். ஆனால் ஒவ்வொரு வட்டத்தையும் தோண்ட யாரிடம் காசு இருக்கிறது?

காகிதமும் அதிகம் உதவாது. 1940 கோடையில் எங்கே பள்ளம் வெட்டுவது என்பதைப் பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்தில் இருந்த அதிகாரியே முடிவு செய்தார். மே கடைசியில் உள்நாட்டுப் படைக்குத் தலைமையேற்ற ஜெனரல் அயர்ன்சைட், கடற்கரையிலிருந்து உள்நாடு வரைக்கும் தடுப்புக் கோடுகள் போடச் சொன்னார். ஜூலையில் அவருக்குப் பதில் வந்த ப்ரூக்குக்கு அந்தக் கோடுகளில் நம்பிக்கை இல்லை. பாதி வெட்டியது, வெட்டாதது, வெட்டி விட்டது என்று எல்லாம் கலந்து கிடந்தது. இதில் ஒரு வேடிக்கை: அந்த அகழிகள் புதுமண்ணோடு பளிச்சென்று இருந்தபோது அவற்றைத் தவறாமல் படமெடுத்தவர்கள் ஜெர்மானியர்கள். லுஃப்ட்வாஃபேயின் படங்களை அமெரிக்கர்கள் கைப்பற்றிக் கொண்டுபோனார்கள். இங்கிலாந்துக்காரர் தன் ஊரில் அப்பா வெட்டிய அகழியைப் பார்க்க வாஷிங்டன் ஆவணக்காப்பகத்தில் எதிரி எடுத்த படத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

சொந்த நாட்டுப் படம் எப்போதும் உண்மை சொல்லும் என்றும் இல்லை. 1940-களின் பிற்பகுதியில் நில அளவைத் துறை, வான்படங்களை ஒட்டி இணைத்து மைலுக்கு ஆறங்குலம் என்ற அளவில் பொதுமக்களுக்கு விற்றது. ராணுவ இடங்கள் தெரிகின்றன என்று பிறகு பாதுகாப்புக் கவலை வந்தது. சில தாள்களைத் திரும்பப் பெற்றார்கள். சிலவற்றில், ஓவியர்களை வைத்து அந்த இடத்தில் வயல் வரைந்தார்கள். வரப்பு, வேலி எல்லாம் போட்டு. சிலவற்றில் மேகம் வரைந்தார்கள். விமானதளத்தின் மேல் எப்போதும் கலையாத ஒரு மேகம்! ஒரு படத்தில் ‘ஒன்றுமில்லை, வெறும் வயல்’ என்று நாம் நம்பும் இடம் தூரிகையில் வந்ததாக இருக்கலாம்.

*

இதெல்லாம் கவனிக்கத் தகுந்த வரலாறு என்ற எண்ணமே தாமதமாகத்தான் வந்தது. வெட்டியவர்களுக்கு அது பெருமைப்பட ஒன்றுமில்லை. படையெடுப்பு வரவில்லை, பள்ளம் பயன்படவில்லை. விவசாயிக்கு அது தொல்லை. தொல்லியலாளருக்கு அது தன் வெண்கலக் காலத்தைக் கெடுத்த குப்பை. சட்டன் ஹூவில் 1980-களில் மறுபடி தோண்டியபோது கிளைடர் பள்ளங்களையும் வரைபடத்தில் சேர்த்தார்கள். ஆனால் அவற்றுக்காக யாரும் அங்கே போகவில்லை. 1995-இல்தான் பிரிட்டிஷ் தொல்லியல் மன்றம் ‘பிரிட்டனின் பாதுகாப்பு’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஓய்வு பெற்றவர்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் நாடு முழுக்க நடந்து, 2002-க்குள் சுமார் 20,000 இடங்களைப் பதிந்தார்கள். நடப்பவர்களுக்குக் கான்கிரீட் கிடைத்தது. மண் வேலை கிடைக்கவில்லை. அது தரையில் இல்லை. சஃபோக் கடற்கரையின் அகழிகளையும் முள்கம்பியையும் கண்ணிவெடி நிலங்களையும் வான்படங்களிலிருந்தே வரைந்தெடுத்த ஆய்வு 2007-இல் நூலாக வந்தபோது, அந்தக் கரை முழுவதுமே ஒரு காலத்தில் பூட்டிக் கிடந்தது என்பது படமாகத் தெரிந்தது.

அதே கரையில் மின்ஸ்மியர் என்ற இடத்தில், எதிரி இறங்கக்கூடாதென்று 1940-இல் மேய்ச்சல் நிலத்துக்குள் தண்ணீரை விட்டு மூழ்கடித்தார்கள். நிலம் சதுப்பானது. நூறு ஆண்டுக்கு மேலாக பிரிட்டனில் நிலையாகக் குஞ்சு பொரிக்காமல் இருந்த அவோசெட் பறவைகள் 1947-இல் அங்கே கூடு கட்டின. இன்று அது புகழ்பெற்ற பறவைச் சரணாலயம். போகிறவர்கள் தொலைநோக்கியில் பறவையைப் பார்க்கிறார்கள். சரிதான், அதைப் பார்க்கத்தானே போகிறார்கள்.

தேடுவது மட்டுமே தெரியும் என்பது எல்லா இடத்திலும் இவ்வளவு சாதுவாக இருப்பதில்லை. 1944 ஏப்ரல் 4 அன்று தென்னாப்பிரிக்க விமானம் ஒன்று இத்தாலியிலிருந்து கிளம்பிப் போய் போலந்தில் ஒரு செயற்கை ரப்பர்த் தொழிற்சாலையைப் படமெடுத்தது. ரப்பர் ஆலையை வாசிப்பாளர்கள் துல்லியமாகக் குறித்தார்கள். ஓடிக்கொண்டே இருந்த கேமராவில் பக்கத்து முகாமும் விழுந்திருந்தது. அது ஆஷ்விட்ஸ். அடுத்த மாதங்களின் படங்களில் வாயுக்கூடங்கள், வரிசையில் நிற்கும் மனிதர்கள் எல்லாம் இருந்தார்கள். யாரும் குறிக்கவில்லை. பிருஜியோனி, பொய்ரியர் என்ற இரண்டு அமெரிக்க உளவுத்துறை வாசிப்பாளர்கள் 1970-களின் கடைசியில் அந்தச் சுருள்களை மறுபடி எடுத்து, எங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு பார்த்தார்கள். 1979-இல் வெளியிட்டார்கள். படம் முப்பத்தைந்து வருஷமாக அதே படம்தான்.

தமிழில் இதை வாசிக்கும்போது வேறொரு நிலம் நினைவுக்கு வராமல் இருக்காது. வன்னியின் மண் அணைகளும் அதன் முன் அகழிகளும் செயற்கைக்கோள் படங்களில் 1940-இன் சஃபோக் அகழிகளைவிடத் தெளிவாகத் தெரிந்தன. 2009 மே மாதம், அம்னெஸ்டி போன்ற மனித உரிமை அமைப்புகள் கேட்டதன் பேரில் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் முள்ளிவாய்க்கால் கரையின் மே 6, மே 10 தேதிப் படங்களை ஒப்பிட்டது. மக்கள் தங்கியிருந்த கூடாரங்கள் அந்த நான்கு நாளில் பெருமளவு காணாமல் போயிருந்தன. எறிகணைக் குழிகளோடு ஒத்துப்போகும் வட்டங்கள் இருந்தன. வரிசை வரிசையாகப் புதைகுழிகள் எனக் கருதத்தக்க குறிகள் இருந்தன. ‘ஒத்துப்போகும்’, ‘கருதத்தக்க’: அறிக்கையின் மொழி அப்படித்தான் இருக்கும். மேலிருந்து பார்ப்பவர் நேர்மையாகச் சொன்னால் அதற்கு மேல் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொற்களை யார் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்பது முக்கியம். வாசிப்பாளர் ‘இருக்கலாம்’ என்று எழுதுவது, இறங்கிப் போய்ப் பாருங்கள் என்பதற்காக. பார்க்க விரும்பாதவர்கள் அதையே ‘உறுதியில்லை’ என்று படித்துக் கோப்பை மூடிவிட முடியும். இங்கிலாந்தின் பார்லி வயலில் அப்படி மூடினால் ஒரு சர்ச் லைட் குழி வெண்கலக் காலத்துக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான் நஷ்டம். எல்லா மண்ணிலும் நஷ்டம் அவ்வளவோடு நிற்காது.

மாமாவிடம் கடைசியாக ஒரு வட்டத்தைக் காட்டினேன். சஃபோக் பக்கம்தான், கோடைக்காலப் படம், வயலின் மூலையில் தனியாக இருந்தது. பக்கத்தில் தடம் இல்லை, குடிசை இல்லை. இடப்பக்கம் கொஞ்சம் உடைந்திருந்தது. அது நுழைவாயிலாக இருக்கலாம், டிராக்டர் போன வழியாகவும் இருக்கலாம்.

“எந்தக் காலம் மாமா?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“வேற வருஷத்துப் படம் இருக்கா?”

இல்லை என்றேன்.

“அப்ப ரெண்டையும் எழுதி, ரெண்டுக்கும் கேள்விக்குறி போட்டு வை.”